ராகு காலம் தெரியாத சர்வர்

சிவகாசியில் அடுத்த வருசத்துக் காலண்டர் ஆல்பம் போடுவது ஆடிப்பெருக்கு அன்றைக்குத்தான். மாதிரிகளையெல்லாம் கோத்து, பூசை போட்டு, ஏஜென்டுகள் கையில் கொடுத்து அனுப்புவார்கள். இந்த வருசம் அது ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. ராஜபாண்டியனின் அச்சகத்தில் மட்டும் ஆல்பத்துக்குப் பக்கத்தில் ஒரு லேப்டாப்பும் ஒரு செல்போனும் சந்தனம் குங்குமத்தோடு உட்கார்ந்திருந்தன.

இரண்டும் அவர் மகள் சுகிர்தாவுடையவை. சென்னைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தவளை, நாளை முதல் ஆபீசுக்கு வந்தே ஆகவேண்டும் என்று கூப்பிட்டுவிட்டார்கள். அவளுக்கோ ஊரைவிட்டுப் போக மனசில்லை. கடைக்காரர்கள் இருந்த இடத்திலிருந்தே காலண்டருக்கு ஆர்டர் போடும்படி அச்சகத்துக்கு ஓர் இணையதளம் எழுதியிருந்தாள்.

"நல்ல நேரத்துல தொறந்து ஒரே ஒரு ஆர்டர் வரட்டும், மாடி ரூம் ஒனக்கு ஆபீசு. இல்லேன்னா ராத்திரி பஸ்ஸப் பிடி," என்று அப்பா சொல்லியிருந்தார்.

தேங்காய் உடைத்தாயிற்று. "யாரும் தொடாதீங்க. பதினோரு மணிக்குத் தானாத் தொறக்கும்," என்றாள் சுகிர்தா.

கடிகாரம் பதினொன்று அடித்தது. திரையில் 'விரைவில்' என்ற சொல் அசையாமல் நின்றது.

"என்னத்தா, வெக்கப்படுதா?" என்றார் ஏஜென்ட் தங்கச்சாமி. தனக்குக் கல்யாணமான வருசத்திலிருந்து இந்த அச்சகத்துக்கு ஆர்டர் பிடிக்கிறவர். "அண்ணாச்சி, நான் பையத் தூக்கிட்டுக் கெளம்பட்டுமா? கடைக்காரன் முன்னால போயி நின்னு என்னைக்காவது 'விரைவில்'னு சொல்லியிருக்கனா?"

"கொஞ்சம் இருங்க மாமா."

எழுதியதை வரி வரியாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்தவள், பதினொன்றே முக்காலுக்குப் பட்டென்று நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"இந்த சைட்டு இருக்கிற சர்வர் கம்ப்யூட்டரு நம்ம நேரத்துல ஓடலப்பா. கிரீன்விச் நேரத்துல ஓடுது. அஞ்சரை மணி நேரம் பின்னால."

"அது எங்கன இருக்கு?"

"லண்டன் பக்கம்."

"நமக்கு எப்பத் தொறக்கும்?"

"சாயங்காலம் நாலரைக்கு."

ஞாயிற்றுக்கிழமை நாலரை என்றால் என்னவென்று அவர்கள் காலண்டரைப் பார்க்க வேண்டியதில்லை. அச்சடிப்பதே அவர்கள்தானே.

"ராகு காலத்துலயா!" ராஜபாண்டியன் எழுந்துவிட்டார். "ஊரு பூராவுக்கும் ராகு காலம் அச்சடிச்சுக் குடுக்குறவன், சொந்தக் கடைய ராகு காலத்துல தொறந்தா சிவகாசி சிரிக்காதா?"

"இப்பவே கையால தொறந்துடுறேன்."

"பன்னெண்டுக்கு எமகண்டம். அதுக்குள்ள தொற."

உள்ளே நுழைய சர்வர் பாஸ்வேர்டு கேட்டது. சுகிர்தாவுக்குத் தன் பாஸ்வேர்டு ஒன்றுகூடத் தெரியாது. எல்லாவற்றையும் போனில் பூட்டிவைத்துவிட்டு, ஞாபகம் வைத்துக்கொள்கிற வேலையையே விட்டு நாளாயிற்று. அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. விரலை வைத்தால் அந்தப் பூட்டு திறக்கும். போனைத் திருப்பினாள். விரல் வைக்கிற குழியில் அம்மா செல்லக்கனி சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமமும் இட்டிருந்தாள்.

"ஏம்மா, போனுக்குமா பொட்டு வைப்ப?"

"ஆயுத பூசைக்கு மெஷினுக்கு வைக்கலியா? ஒனக்கு அதுதானளா மெஷினு!"

துப்பட்டாவால் துடைத்தாள். விரலை வைத்தாள். போன் அவளை யாரென்றே தெரியாது என்றது. மறுபடி வைத்தாள். மறுபடியும் தெரியாது.

"ஒன் கையப் பாரு மொதல்ல," என்றார் தங்கச்சாமி. காலையில் சந்தனம் கரைத்த விரல் மஞ்சளாகவே இருந்தது. மெஷின் துடைக்கிற துணியோடு அவரே ஓடிவந்து போனைத் துடைத்தார். அவள் குழாயடியில் கையை அலசிவிட்டு வந்தாள்.

"தொடச்சுட்டேன். ஆனா ஒண்ணு கேக்கேன், இந்தப் பெட்டியில என் பேரு எங்கன இருக்கு? கடைக்காரனே ஆர்டர் போட்டுக்கிட்டா என்னைய யாரு தேடுவா?" என்றார் தங்கச்சாமி.

சுகிர்தா அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் கேலி இல்லை.

"ஆர்டர் போடுற பக்கத்துலயே 'ஏஜென்ட் யாரு'ன்னு ஒரு கட்டம் இருக்கு மாமா. ஒங்க பேருதான் மொதல்ல. கமிஷன் தானா ஏறும்."

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன?"

விரல் பட்டது, பூட்டு திறந்தது. பாஸ்வேர்டைப் பார்த்து லேப்டாப்பில் அடித்தாள். 'விரைவில்' மறைந்து முருகன் படம் மலர்ந்தது. தங்கச்சாமி அதற்குள் வாசலுக்குப் போய்த் தன் போனில் கத்திக்கொண்டிருந்தார். "கோவில்பட்டி முதலாளியா? நாந்தான். இப்ப ஒண்ணு அனுப்புதேன், அதத் தட்டி முருகன் படத்துல ஆயிரம் போடுங்க. எமகண்டத்துக்கு முன்னால போடுங்க!"

பெரிய முள் பன்னிரண்டைத் தொடப் போகும்போது லேப்டாப் 'டிங்' என்றது. ஆயிரம் காலண்டர். ஏஜென்ட், தங்கச்சாமி.

ராஜபாண்டியன் இடுப்பிலிருந்த மாடி ரூம் சாவியை எடுத்து லேப்டாப் மேல் வைத்தார்.

சுகிர்தா அங்கேயே உட்கார்ந்து சென்னைக் கம்பெனிக்கு வேலையை விடுவதாகக் கடிதம் அடித்தாள். அனுப்பப் போனவளின் கையைப் பிடித்துக்கொண்டார் அப்பா.

"இரு! மணி பன்னெண்டு தாண்டிருச்சு. எமகண்டம். ஒண்ணரைக்கு மேல அனுப்பு."

"ஒண்ணரைக்குத் தானாப் போற மாதிரி வச்சிரவா?"

"எந்த ஊரு ஒண்ணரை?" என்றாள் செல்லக்கனி.

சுகிர்தா லேப்டாப்பை மூடிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். எதிர்ச் சுவரில் தினசரிக் காலண்டர். "கையாலயே அனுப்பிக்கிடுதேன்," என்றாள்.