ஏ.சி. அறையில் இடிந்த சுவர்

அஸ்தினாபுரத்து மாடி அலுவலகத்தில் ஏ.சி. இருந்தது முதலாளி ஜெபசீலனின் அறையில் மட்டும்தான். அன்று காலை அதுவும் படுத்துவிட்டது. அங்கே ஆட்டங்களைச் சோதிக்கும் ஜெரூஷாவுக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. மிருதுளா மேடவாக்கத்திலிருந்து கிளம்பிவிட்டார் என்ற செய்திதான் பெரிது. அவர்களுடைய புது வீடியோ கேமுக்குப் பணம் போடுபவர் அவர். சுவர் இடிவது, துணி பறப்பது மாதிரியான இயற்பியல் கணக்குகளுக்கென்றே கணினியில் தனியாக ஒரு கார்டைச் செருகினால் ஆட்டம் பறக்கிறது என்று ஜெரூஷா சோதித்து எழுதியிருந்தாள். இன்று அதைக் கண்ணெதிரே காட்டிவிட்டால் அவள் வேலை நிரந்தரம் என்பது ஜெபசீலனின் வாக்கு.

மிருதுளா முதலாளியின் அறைக்கு வந்து உட்கார்ந்ததும், கார்டு செருகிய கணினியின் திரையில் ஜெரூஷா கோட்டைச் சுவரைத் தகர்த்தாள். ஒவ்வொரு செங்கல்லும் தன் விதியைத் தானே முடிவுசெய்ததுபோல் விழுந்தது. தூசிகூட வழி தேடி அலைந்தது. ஆனால் திரையின் மூலையில், வினாடிக்குத் தொண்ணூறு படம் என்று நிற்க வேண்டிய எண் அறுபதுக்குச் சரிந்தது. ஆட்டம் திக்கியது.

ஜெபசீலன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். அதைப் பார்த்தபோதுதான் ஜெரூஷாவுக்கு உறைத்தது. விலை அதிகம் என்று அந்தக் கார்டை அவர் தன் அறையைவிட்டு வெளியே விட்டதே இல்லை. கார்டோடு செய்த சோதனையெல்லாம் இந்த அறையின் ஏ.சி. குளிரில்; கார்டில்லாமல் செய்ததெல்லாம் வெளியே, மின்விசிறி மட்டும் சுற்றும் கூடத்தில். சூடேறினால் கணினி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இத்தனை நாளும் அவள் அளந்தது பாதிக்குமேல் வெயிலை.

"வோல்டேஜ் கம்மின்னு சொல்லிடும்மா," என்று ஜெபசீலன் அவள் காதருகே முணுமுணுத்தார்.

சொல்லிவிடலாம். மிருதுளா நம்பியும் விடுவார். ஜெரூஷா மிருதுளாவின் பக்கம் திரும்பினாள்.

"என் டெஸ்ட் தப்பு மேடம். ஒண்ண ஏ.சி.ல ஓட்டிட்டு, இன்னொண்ண வெயில்ல ஓட்டிட்டு ரெண்டையும் கம்பேர் பண்ணிட்டேன்."

மிருதுளா கார்டைக் கழற்றிவிட்டு இதே அறையில் ஓட்டிக் காட்டச் சொன்னார். இம்முறை சுவர் பெரிய பெரிய துண்டுகளாகத் தொப்பென்று விழுந்தது. எண் ஐம்பத்திரண்டு. வேகத்தில் லாபம் எட்டே எட்டுதான்.

அழகு வேண்டுமென்பவர்கள் கார்டு போட்டுக்கொள்ளட்டும், வேகத்துக்காக யாரையும் வாங்கச் சொல்ல வேண்டாம் என்று தீர்த்துவிட்டு மிருதுளா எழுந்தார்.

அவரை வழியனுப்பித் திரும்பிய ஜெபசீலன் ஜெரூஷாவின் முகத்தைப் பார்க்கவில்லை. "பேஜார் பண்ணிட்டியேம்மா. அடுத்த டெஸ்டும் நீதான் பண்ணணுமாம். அந்தம்மா சொல்லிட்டுப் போறாங்க."

"அப்ப என் வேலை, சார்?"

"அவங்களே கேட்டப்புறம் உன்ன எப்படி அனுப்புறது?" என்றார் அவர், எரிச்சலோடு.