‘அ’வுக்கு அடுத்த எழுத்து

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தப்பு என்னுடையது. நான் அவனை ஆயிரம் திட்டுவேன். வேறு யாராவது என் தம்பியை நோக்கி விரல் நீட்டினால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

எங்கள் அலுவலகத்தில் வீடியோ கேம் செய்கிறோம். இந்த முறை ஒரு கார்ட்டூன் படத்தை வைத்துப் பந்தய விளையாட்டு. படத்தில் ரோடு ரோலர், பால் வண்டி, குப்பை லாரி என்று ஊருக்கு உழைக்கும் வண்டிகள் எல்லாம் ஒரு விடுமுறை நாளில் பந்தயம் ஓடும். யாருக்கும் அடிபடாது. சேற்றில் விழுந்த வண்டி உடம்பை உதறிக்கொண்டு எழுந்து வரும். குடும்பத்தோடு உட்கார்ந்து ஆடலாம். தம்பி அதற்கு நிரல் எழுதுகிறவன். நான் டெஸ்டர், அவன் எழுதியதை நாள் முழுக்க ஓட்டிப் பார்த்து, எங்கே சொதப்புகிறது என்று எழுதித் தருகிறவள். ‘விளையாடுறதுக்குச் சம்பளமா?’ என்று இளிப்பவர்களை ஒரே வளைவில் நானூறு தடவை திரும்பச் சொல்ல வேண்டும்.

அப்படித் திரும்பித்தான் என் வலது கட்டைவிரல் வீணாய்ப் போனது. அசைக்கவே கூடாது என்றார் டாக்டர். விரலை அசைக்க முடியாத டெஸ்டரை எந்த ஆபீஸ் வைத்துக்கொள்ளும்? வாயை மூடிக்கொண்டேன். தம்பியிடம் மட்டும் புலம்பினேன். மறுநாளே அவன் ஒரு குறுக்குவழி வைத்துக் கொடுத்தான். ஆட்டம் தொடங்கும்போது பெயர் கேட்கும் இடத்தில் ‘அக்கா’ என்று அடித்தால் போதும். வண்டி தானே ஓடும், தானே திரும்பும், முதலில் வந்து நிற்கும்.

“வேற யாராவது அடிச்சுட்டா?” என்று கேட்டேன்.

“எந்தக் குழந்தையாவது தன் பேரை அக்கான்னு அடிக்குமா? சும்மா இரு, அக்கா.”

இது நடந்து நாலு மாதம் ஆகிறது. போன மாதம் அந்தப் புத்திசாலி இன்னொரு வேலை செய்தான். பந்தயப் பாதை ஓரத்தில் ஒரு பூசணிக்காயை வைத்து, அதற்கு மேலாளரின் மீசையையும் கண்ணாடியையும் மாட்டிவிட்டான். ஆபீஸே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மேலாளர் சிரிக்கவில்லை. திட்டத்தில் இல்லாத எதையாவது இன்னொரு முறை ஆட்டத்துக்குள் வைத்தால் அன்றே வீட்டுக்குப் போகலாம் என்று கடிதம் கொடுத்தார். இந்த மாதிரிக் குறும்பால் ஏற்கெனவே இரண்டு வேலை போனவன் அவன். இந்த வேலையை நான் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிக் கொடுத்திருந்தேன்.

இன்று காலை அந்தக் கார்ட்டூனை எடுத்த படக் கம்பெனி அம்மா தன் இரண்டு பெண்களோடு வந்துவிட்டார். பிள்ளைகள் ஆடிப் பார்த்து, அவர் சரி என்று சொன்னால்தான் ஆட்டம் கடைக்குப் போகும். அறைக்குள் நுழையுமுன் தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

“அதை எடுத்துட்டல்ல?”

“எதை?”

“டேய்!”

அவன் முகத்தில் ஈயாடவில்லை. “இன்னும் ஒரு நாள் இருக்கட்டும்னு நேத்து நீதானேக்கா சொன்ன?”

சொன்னேன்தான். நேற்று வலியில் உயிர் போனது. இன்று எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தோம். மேலாளர் அவசரக்குடுக்கை, நேற்றைய பிரதியையே டிவியில் போட்டு உட்கார்ந்திருந்தார்.

பெரியவளுக்கு ஒன்பது வயது இருக்கும். பெயர் கேட்ட இடத்தில் ‘புயல்’ என்று அடித்தாள். சின்னவளுக்கும் அவளே ‘பாப்பா’ என்று அடித்துக் கொடுத்தாள். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. சமவெளிப் பாதையில் மூன்று பந்தயம் ஓடினார்கள், மூன்றிலும் புயல்தான் ஜெயித்தது. பாப்பாவின் குப்பை லாரி வளைவுக்கு வளைவு சேற்றில் விழுந்தது.

“நல்லா வந்திருக்கு” என்று அந்த அம்மா கைப்பையை எடுத்தார். மேலாளருக்கு வாயெல்லாம் பல். அப்பாடா என்று நான் தம்பியைப் பார்த்த அந்த நொடியில் சின்னவள் தரையில் உட்கார்ந்து காலை உதைத்தாள்.

“அக்காவே ஜெயிக்கிறா! இன்னும் ஒரே ஒரு தடவ! இப்ப பேர நானே அடிப்பேன்!”

கைப்பை மறுபடி கீழே போனது. திரையில் எழுத்துக் கட்டங்கள் வந்தன. ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தித் தேட வேண்டும். சின்னவள் நாக்கைக் கடித்துக்கொண்டு முதல் எழுத்தை அமுக்கினாள். அ.

அம்மா, அப்பா, அக்கா. வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் ஏன்தான் ‘அ’வில் தொடங்கித் தொலைக்கிறார்களோ!

“அம்மான்னு அடிடா செல்லம்” என்று என்னை மீறி வாயில் வந்துவிட்டது. மேலாளர் என்னை முறைத்தார்.

“எனக்குத் தெரியும்” என்றாள் சின்னவள். கட்டம் ‘க்’கைத் தாண்டிப் போனது. ‘ப்’பையும் தாண்டி ‘ம்’மில் நின்றது. அமுக்கு தாயே, அமுக்கு. அவள் யோசித்தாள். கட்டம் வந்த வழியே திரும்பியது.

ஆட்டம் ஓடும் பெட்டியின் பிளக் என் காலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஒரு உதை விட்டால் போதும். ஆனால் ஆட்டம் பாதியில் செத்தது என்று எழுதிவிடுவார்கள், பன்னிரண்டு பேரின் ஒரு வருட உழைப்பு பாழாகும். காலை இழுத்துக்கொண்டேன்.

க். பிறகு கா.

“என்னடி, என்னைப் போட்டிருக்க?” என்றாள் பெரியவள்.

“அக்கா பேரு போட்டாத்தான் ஜெயிக்கும்.”

ஜெயிக்காமல் என்ன செய்யும்! இந்த முறை மலைப் பாதை. குப்பை லாரி வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் போனது. ஒரு வளைவிலும் விழவில்லை. சின்னவள் குதித்தாள், கத்தினாள், கடைசிச் சுற்றில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஆடினாள். கண்ட்ரோலர் கம்பளத்தில் விழுந்தது. லாரி அதுபாட்டுக்கு மலை வளைவைத் திரும்பிக்கொண்டிருந்தது.

“அம்மா, அவ கையில ஒண்ணுமே இல்ல. அது தானா போகுது” என்றாள் பெரியவள்.

லாரி கோட்டைத் தாண்டியதும் திரையில் பலூன் பறந்தது. “பாத்தியா, சொன்னேன்ல!” என்று சின்னவள் மட்டும் கூவினாள்.

மேலாளர் நேராகத் தம்பியிடம் திரும்பினார். “யார் வேலை இது?”

“நான்தான் சார். சும்மா விளையாட்டுக்கு வச்சேன்.” சொல்லிவிட்டு என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டினான், நீ பேசாதே என்று.

முட்டாள்! என் விரலைக் காப்பாற்றத் தன் கழுத்தை நீட்டுகிறான். எனக்கு வந்த கோபத்தில் அவனை அங்கேயே அறைந்திருப்பேன்.

“பொய் சொல்றான் சார்” என்று முழுக்கைச் சட்டையை மேலே இழுத்து, மணிக்கட்டோடு சேர்த்துக் கட்டியிருந்த கட்டைவிரலைக் காட்டினேன். “எனக்காக வச்சது. நேத்தே எடுத்திருப்பான், நான்தான் விடல.”

படக் கம்பெனி அம்மா கம்பளத்தில் கிடந்த கண்ட்ரோலரை எடுத்தார். சின்னவள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தாள். “இதையே திருட்டுத்தனமா இல்லாம, எல்லாருக்கும் தெரியற மாதிரி ஒரு பட்டனா வைக்க முடியுமா? சின்னப் பிள்ளைங்களும் ஓட்டலாமே” என்றார்.

மேலாளர் குரல் அப்படியே மாறியது. “தாராளமா மேடம். ஏம்ப்பா, எத்தனை நாள் ஆகும்?”

“ரெண்டு நாள் சார்” என்றான் தம்பி. அவன் தப்பித்தான். எனக்கும் அந்தச் சின்னவளோடு சேர்ந்து ஆட வேண்டும் போலிருந்தது.

அவர்கள் கிளம்பியதும் மேலாளர் கதவைச் சாத்தினார்.

“நாலு மாசமா எல்லாப் பாதையும் சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டீங்களே, அதெல்லாம் இது ஓட்டினதா?”

“ஆமா சார்.”

“இது எங்கேயும் விழாதே. அப்ப எதைச் சோதிச்சீங்க?”

அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் கத்தவில்லை. நியாயமான கேள்வி என்பது எனக்குத் தெரியும். நாலு மாதமாகத் தெரியும். கேட்டுக்கொள்ளப் பயந்து மூடி வைத்திருந்தேன்.

மதியத்துக்குள் என் மேசையைக் காலி செய்தேன். என் காபிக் கோப்பையும் நாற்காலி மெத்தையும் ஒரே பைக்குள் அடங்கிவிட்டன. மாடிப்படியில் தம்பி ஓடி வந்தான்.

“அக்கா! அக்கா, நில்லு!”

“அப்படிக் கூப்பிடாதடா, தானா ஓட ஆரம்பிச்சிடுவேன்.”

அவன் சிரிக்கவில்லை, அழுதான். எனக்கும் அழுகை வந்தது. பையை இடது கைக்கு மாற்றினேன்.

“போய் வேலையப் பாரு. முதல்ல அந்த மலை வளைவுல கையால ஓட்டு. வேணும்னே விழு. அங்க விழுந்தா எழுந்து வருதான்னு நாலு மாசமா யாரும் பாக்கலடா.”