ஃபிளெக்ஸ் முகம்

“எண்ணெய் தெறிச்சா புள்ளி புள்ளியா இருக்குமுங்க. இது அழுத்தித் தேச்ச மாதிரியில்ல இருக்குது?”

டாக்டர் தேவிப்பிரியா இப்படிக் கேட்டபோது அனுசுயா சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தின் மேல்தோலை உரித்துப் புதுத்தோல் வரவைக்கும் சிகிச்சையாம். படத்திலிருந்தவளுக்கு வாழ்க்கையில் ஒரு கவலையும் வந்த தடமில்லை.

“பலகாரம் சுடுறப்பத்தான் தெறிச்சுச்சு டாக்டர். தோலை உரிச்சு விட்டீகன்னா சரியாப் போயிரும்ல?” என்றாள். பத்து நாளாக எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி, அந்தப் பொய் மனப்பாடமாகியிருந்தது.

மகன் வயிற்றிலிருந்தபோது இரண்டு கன்னத்திலும் கருந்திட்டாக மங்கு படர்ந்தது. பிள்ளை பிறந்தால் மறைந்துவிடும் என்றார்கள். பிள்ளைக்கு மூன்று வயதாகிவிட்டது, மங்கு அப்படியே இருக்கிறது. அதோடும் அவள் எப்படியோ பழகித்தான் இருந்தாள். கெடுத்தது அந்த ஃபிளெக்ஸ். சொந்த ஊர் உசிலம்பட்டியில் மகனுக்குக் காதுகுத்த நாள் குறித்திருந்தார்கள். மண்டப வாசலில் ஆளுயர முகங்களோடு ஃபிளெக்ஸ் கட்டாமல் விசேஷம் செய்தால் அவர்கள் பக்கத்தில் ஊர் சிரிக்கும். ஃபிளெக்ஸ் கடைக்காரன் போனில் அனுப்பிய மாதிரிப் படத்தில் அவள் கணவன் ராஜபாண்டி ராஜபாண்டியாகவே இருந்தான். தாய்மாமன் தன் மீசையோடு இருந்தான். அவள் மட்டும் யாரோவாக இருந்தாள். மங்கு இல்லை, கண்ணுக்குக் கீழே கருவளையம் இல்லை, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளை. சொந்தக்காரர்கள் குரூப்பில் அன்று முழுக்க அதே பேச்சு. ‘ஆளே அடையாளம் தெரியல’ என்று நாத்தனார் எழுதியிருந்தாள். அதை வாசித்த ராஜபாண்டி, “நெசமாவே இப்பிடி இருந்தா எப்பிடி இருக்கும்!” என்றான். குத்திக்காட்டச் சொல்லவில்லை, வாய்தவறித்தான் வந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது.

பிழைக்க வந்த இடத்தில், நல்லூர் பனியன் கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. தைத்த துணியில் குறையிருக்கும் இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். எண்ணெய்க் கறை என்றால் அதற்கென்று மருந்து உண்டு. துப்பாக்கி மாதிரியான ஒன்றில் ஊற்றிப் பீய்ச்சினால் கறை இருந்த இடமே தெரியாது. புதுத்துணி என்றால் முதலில் உள்பக்கத் தையலோரம் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார்கள். துணி தாங்கினால்தான் வெளிப்பக்கம். ராஜபாண்டி அப்படிச் சொன்ன மறுநாள் ஒரு சின்னக் குப்பியில் அந்த மருந்தை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். தொழில் தெரிந்தவள் அல்லவா, முறைப்படி முழங்கை உள்மடிப்பில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. பிறகு குளியலறைச் சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடியை மாட்டிவைத்து, பஞ்சில் தொட்டு இடது கன்னத்தில் அழுத்தித் தேய்த்தாள். விடிந்தபோது கன்னம் வெந்திருந்தது. பொருக்கு உதிர்ந்த இடத்தில் மங்கைவிடக் கறுப்பாக ஒரு பட்டை விழுந்தது.

“எதைப் போட்டீங்கன்னு தெரியாம நான் கை வெக்க முடியாதுங்க” என்றார் டாக்டர்.

அனுசுயாவுக்கு எழுந்து போய்விடலாம் போலிருந்தது. அவமானத்தில் காது சுட்டது.

“கம்பெனியில கறை எடுக்குற மருந்து.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

“மொகத்துக்குங்களா?”

“ஆமா.”

“இப்ப இதை உரிச்சா இன்னும் கருத்துப் போயிரும், தழும்பாக்கூட நின்னுரும். முதல்ல இது ஆறோணும். ஆறு மாசம் கழிச்சுப் பாக்கலாம். அப்பவும் நம்ம நெறத்துக்கு நிதானமாத்தான் செய்யோணும்.”

“விசேஷத்துக்கு இன்னும் பதினெட்டு நாள்தான் டாக்டர் இருக்கு.”

“தோலுக்கு அது தெரியாதுங்களே” என்றார் டாக்டர். பூசுவதற்கு ஒரு களிம்பு மட்டும் எழுதிக் கொடுத்தார்.

வெளியே வெயிலில் கண் கூசியது. எதிர்வரிசையில் ஒரு பியூட்டி பார்லர். ‘முகம் உரித்தல், முப்பது நிமிடம்’ என்று கதவிலேயே ஒட்டியிருந்தது. அங்கே யாரும் எதைத் தேய்த்தாய் என்று கேட்கமாட்டார்கள். மண்டப வாசலில் அந்த வெள்ளை முகத்துக்குக் கீழே நின்று, வருகிறவர்களுக்குச் சந்தனம் நீட்டப்போகும் தன்னை நினைத்துப் பார்த்தாள். வருகிறவர்கள் மேலே ஒருதரம் பார்ப்பார்கள், கீழே ஒருதரம் பார்ப்பார்கள்.

ராஜபாண்டி பைக்கில் சாய்ந்து நின்றிருந்தான். “என்ன சொன்னாக?”

“களிம்பு குடுத்திருக்காக.”

“அதான் பாத்தேன், எண்ணெய்க் காயம்தான. கடைக்காரன் கேட்டுக்கிட்டே இருக்கான். அடிக்கச் சொல்லிறவா?” போனை நீட்டினான். ஃபிளெக்ஸ் நிறைய முகங்கள்.

நேற்று வேலையில் ஒட்டிக்கொண்டு வந்த ஸ்டிக்கர் ஒன்று அவள் கைப்பையின் ஓரத்தில் இன்னும் இருந்தது. அதை எடுத்துத் திரையில் ஒட்டினாள். சிவப்பு அம்பு அந்த வெள்ளை முகத்தைக் காட்டியது.

“இத மட்டும் மாத்தச் சொல்லுங்க.”

“ஏன், இதுக்கென்ன கொறச்சல்?” அவன் சிரித்தான். “இதுதான இருக்குறதுலயே நல்லாருக்கு.” கட்டைவிரல் நகத்தால் ஸ்டிக்கரைச் சுரண்டி உரித்துவிட்டு, “ஓகேண்ணே, அடிச்சிருங்க” என்று போனில் சொன்னான்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். பார்லர் கதவு திறந்து ஒருத்தி துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். வண்டி கிளம்பியது. உரித்த ஸ்டிக்கர் ராஜபாண்டியின் கட்டைவிரலிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் ஆக்ஸிலரேட்டரைத் திருகும்போதெல்லாம் சிவப்பு அம்பு பின்னால் திரும்பி, அவளைக் காட்டியது.