கூடாரத்தின் பெண்கள் வாசல்

வண்டி வாசலில் வந்து நின்றபோது வீட்டில் இருந்தவர்கள்: கூடத்தில் மூத்தவர் வெங்கடசுப்ரமணியன், பஞ்சாங்கமும் கையுமாக. அவருக்கு எதிரே வெற்றிலை மடித்துக்கொண்டு அவர் மனைவி ஜகதாம்பாள். கொல்லைக் குழாயடியில் ராஜலக்ஷ்மி, ஒழுங்காகத் தேய்க்காத அண்டாவுக்காக வேலைக்காரி க்ஷீரோதாவோடு சண்டை போட்டபடி. மாடிப்படியில் பாதி இறங்கிய நிலையில் வீட்டுச் சொந்தக்காரர் போஸ் பாபு. சமையலறையில் சேப்பங்கிழங்கு உரித்துக்கொண்டு காமு.

வண்டியில் வந்தவன் சீதாராமன். வெங்கடசுப்ரமணியனுக்குத் தம்பி, ராஜலக்ஷ்மிக்குப் புருஷன், காமுவுக்குச் சின்னண்ணா. கல்கத்தா கார்டன் ரீச்சில் ரயில்வே ஆபீஸ் குமாஸ்தா. செத்துப்போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

தோளை ஒருவன், காலை ஒருவன் என்று பிடித்து இறக்கினார்கள். ஒரு கால் செருப்போடும் ஒரு கால் செருப்பில்லாமலும் இருந்தது. முதலில் அலறியது க்ஷீரோதா. அப்புறம்தான் மற்றவர்களுக்குப் புரிந்தது. ராஜலக்ஷ்மி ஈரக் கையோடு ஓடிவந்தாள். ஜகதாம்பாளின் மடியிலிருந்து வெற்றிலைத் தட்டு சரிந்தது.

காமு மட்டும் எழுந்து வரவில்லை. கையிலிருந்த கிழங்கை முழுக்க உரித்துத் தண்ணீரில் போட்டாள். அவளுக்கு விஷயம் முன்பே தெரியும்.

*

ஒவ்வொரு டிசம்பரிலும் மைதானில் பயாஸ்கோப் கூடாரம் எழும்பும். ஏழு வருஷமாக அப்படித்தான். முதல் குளிர்காலத்தில் காட்டியது கடல் அலையும் ரயிலும். அடுத்த வருஷம் எங்கேயோ வெள்ளைக்காரர்கள் போட்ட சண்டை. அதற்கடுத்து டில்லி தர்பார் யானைகள். சுதேசி கலாட்டா வருஷத்தில் பாதி பெஞ்சு காலி. போன வருஷம் கூட்டம் தாங்காமல் ஒரு பக்கத்துக் கயிறு அறுந்தது. இதெல்லாம் சீதாராமனுக்கு மனப்பாடம். ஒரு வருஷம்கூட விட்டவனில்லை. நிகழ்ச்சி நிரல் அச்சடித்து டிராமில் கொடுப்பார்கள். அதை ஆபீஸிலேயே பத்துத் தடவை படித்துவிட்டுத்தான் கூடாரத்துக்குப் போவான்.

பார்த்துவிட்டு வந்தால் சமையலறை வாசலில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்துகொள்வான். கேட்க ஆள் காமு. பதினாலு வயதில் தாலி அறுத்தவள், இப்போது முப்பத்தொன்று. மழித்த தலை, வெள்ளைப் புடவை. கோயிலையும் கங்கையையும் தவிர அவளுக்குக் கல்கத்தாவில் வேறு ஊர் கிடையாது. அவளுக்காக அவன் ஒவ்வொரு படத்தையும் நடித்துக் காட்டுவான். அதிலும் தொப்பிக்காரன் படம் என்று ஒன்று. காற்றில் பறந்த தொப்பியைத் துரத்திக்கொண்டு ஒரு குண்டு துரை சந்தைக்குள் ஓடுவான், கல்யாணம் நடக்கிற சர்ச்சுக்குள் புகுவான், கடைசியில் கிளம்புகிற கப்பலில் தொற்றி ஏறிவிடுவான். சீதாராமன் அதை அரை மணி நேரம் சொல்வான். ராஜலக்ஷ்மி நிலைப்படியில் நின்று கேட்பாள். "அடுப்புல பால் பொங்கறது, துரை அப்புறம் ஓடட்டும்" என்பாள்.

இந்த வருஷம் காமுதான் கேட்டாள். "ஒரே ஒரு தடவை நான் பாத்தா என்ன ஆயிடும், சின்னண்ணா?"

"ஒண்ணும் ஆகாது. பெரியண்ணா தலையைச் சீவிடுவார்."

"என் தலையில சீவறதுக்கு என்ன இருக்கு?"

அவன் சிரிக்கவில்லை. நிலைப்படியில் யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டான். "சனிக்கிழமை மத்தியான ஆட்டம். காளிகாட் கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டுக் கிளம்பு. நான் ஆபீஸ்லேர்ந்து நேரா வந்துடறேன். டிராம் திருப்பத்துல மூடின வண்டி நிக்கும்" என்றான்.

கூடாரத்தில் பெண்களுக்குத் தனி வாசல். உள்ளே போனால் திரைக்கு முன்பக்கம் இல்லை, பின்பக்கம். ஆண்கள் முன்னால், நடுவில் நனைத்த வெள்ளைத் துணி, பெண்கள் அதற்குப் பின்னால். தண்ணீர் தெளித்தால்தான் படம் இந்தப் பக்கமும் தெரியுமாம். ஈரத்துணி வாடை. பெஞ்சில் இரண்டு வங்காளி விதவைகளும் வெள்ளையில் உட்கார்ந்திருந்ததால் காமுவை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வெளிச்சம் வந்தது. அலை வந்தது. காமு காலை இழுத்துக்கொண்டாள். நெருப்பணைக்கிற வண்டியை இழுத்துக்கொண்டு குதிரைகள் ஓடின, முடிந்தது. தொப்பிக்காரன் வந்தான். தொப்பி பறந்தது, துரை ஓடினான், சேற்றில் விழுந்தான். துணி வெள்ளையாகிவிட்டது.

அவ்வளவுதானா?

அடுத்த படம் ஆரம்பித்தும் காமு தொப்பிக்காரனுக்காகவே காத்திருந்தாள். சந்தை வரவில்லை. சர்ச்சு வரவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, ஏழு வருஷமாக அவன் அள்ளி விட்டிருக்கிறான். பக்கத்திலிருந்தவள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வெளியே போனதும் கேட்க வேண்டும். சின்னண்ணா, கப்பல் எங்கே?

ஆட்டம் முடிந்து பெண்கள் வாசலுக்கு வெளியே நின்றாள். அவன் வரவில்லை. கூட்டம் கரைந்தது. கூடாரத்தைச் சுற்றி முன்பக்கம் வந்தாள். துணிக் கதவு தூக்கிக் கட்டியிருந்தது. காலியான பெஞ்சுகளுக்கு நடுவே நாலைந்து பேர் குனிந்து நின்றார்கள். சீதாராமன் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தான். கன்னம் தோளில் சாய்ந்திருந்தது. ஒருவர் கோட்டுப் பையிலிருந்து குழல் எடுத்து அவன் மார்பில் வைத்துக் கேட்டார். உதட்டைப் பிதுக்கினார்.

"ரொம்ப நேரம் ஆச்சு" என்று வங்காளியில் சொன்னார். "படம் ஓடறப்பவே போயிருக்கணும்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன், "நான் தூங்கறார்னு நெனச்சேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.

கூடாரத்து ஆள் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தான். "இவரோட கூட வந்தவா யாராவது உண்டா?"

காமு பத்தடி தள்ளி நின்றாள். வாயைத் திறந்தால் பேர் கேட்பார்கள். வீடு கேட்பார்கள். அவளுடைய வாய் திறக்கவில்லை. கால்தான் நகர்ந்தது. மைதானைத் தாண்டி, சௌரங்கி ரோட்டில் டிராம் பாதையை ஒட்டி, பவானிபூர் வரை நடந்தாள். வழியில் என்ன பார்த்தாள் என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்தபோது ராஜலக்ஷ்மி குழாயடியிலிருந்து கத்தினாள். "வந்துட்டியா? சேப்பங்கிழங்கு வெந்திருக்கு, உரிச்சு வை. அவர் ஆபீஸ்லேர்ந்து வந்ததும் ரோஸ்ட் கேப்பார்."

காமு உட்கார்ந்து உரித்தாள். தீட்டு வந்துவிட்ட வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மத்தியானத்துச் சாதம் மூடியிருந்தது. எல்லாவற்றையும் கொட்டத்தான் போகிறார்கள். கூடத்தில் ஜகதாம்பாள் எதற்கோ சிரித்தாள். இப்போது சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு கிழங்குக்கும் நினைத்தாள். எப்படித் தெரியும் என்பார்களே. வண்டிச் சத்தம் கேட்கும்வரை உரித்தாள்.

*

கூடத்தில் கிடத்தியாயிற்று. கூடாரத்து ஆள் வாசலில் நின்று போஸ் பாபுவிடம் நடந்ததைச் சொன்னான். கூட்டத்தில் இருந்த யாரோ ரயில்வே ஆபீஸ்காரர்தான் வீட்டை அடையாளம் சொன்னாராம். அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"பாபு தனியா வரலை" என்றான். "மூடின வண்டியில ஒரு பொம்பளையைக் கூட்டிண்டு வந்தார். பொம்பளைங்க வாசல்ல விட்டுட்டுத்தான் முன்பக்கம் வந்தார். அவளைத் தேடினோம். ஓடிப்போயிட்டா."

போஸ் பாபு அவன் தோளைப் பிடித்து வெளியே தள்ளினார். ஆனால் அவன் பேசிய வங்காளி, வீட்டில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ராஜலக்ஷ்மியின் அழுகை பாதியில் நின்றது. திறந்த வாய் திறந்தபடியே இருந்தது.

"ஆம்பளைன்னா அப்படி இப்படித்தான் இருப்பா" என்றாள் ஜகதாம்பாள், மூக்கைச் சிந்திக்கொண்டே. "போனவனைப் பத்தி இப்ப என்ன. அழுடி, ராஜம். அழுதுடு."

ராஜலக்ஷ்மி அழவில்லை. குளிப்பாட்டினார்கள், அழவில்லை. மூங்கில் வந்தது, அழவில்லை. வாய்க்கரிசி போட அழைத்தபோது சுவரோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"மாட்டேன்."

"என்னடி இது?"

"எவ அவ? எனக்குத் தெரியணும். தெரியாம நான் அரிசியைத் தொட மாட்டேன்."

"கிறுக்குப் பிடிச்சுடுத்தா? வெளியில அத்தனை பேர் காத்திண்டிருக்கா."

"காத்திண்டிருக்கட்டும். போன மாசம் கோலாபுரிச் செருப்பு வேணும்னார். எதுக்கு இந்த வயசுல மினுக்கல்னு கேட்டேன். சிரிச்சார். அவளுக்காகத்தானா அது?"

காமு சமையலறையிலிருந்து வந்தாள். பிணத்தின் காலருகே நின்றாள்.

"மன்னி, நான்தான்."

யாருக்கும் முதலில் புரியவில்லை.

"வண்டியில போனது நான். காளிகாட் போகலை."

வெங்கடசுப்ரமணியன் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அவர் முகம் தம்பியின் பிணத்தைப் பார்த்தபோதுகூட இப்படி ஆகவில்லை. கூத்தியா வைத்திருந்தான் என்றால் ஊர் ஒரு மாசம் பேசும். அவர் ஆபீஸிலேயே இரண்டு பேருக்கு உண்டு. மொட்டை அடித்த தங்கை மைதானில் கூத்துப் பார்த்தாள் என்றால், ஊரில் தாத்தா வீட்டில் இருக்கிற அவர் பெண்களுக்கு மாப்பிள்ளையாக எவன் வருவான்?

"உளறாதே" என்றார்.

"உளறலை, பெரியண்ணா."

ராஜலக்ஷ்மி காமுவை மேலும் கீழும் பார்த்தாள். "அவரைக் காப்பாத்தறதுக்குச் சொல்றே. அண்ணா பேர் கெடப்படாதுன்னு."

"இல்லை மன்னி."

"அப்ப சொல்லு. என்ன பாத்தே?"

"தொப்பிக்காரன்."

"அது இந்த வீட்டுச் சுவத்துக்குக்கூடத் தெரியும். சந்தை, சர்ச்சு, கப்பல். கேட்டுக் கேட்டுக் காது புளிச்சாச்சு."

"கப்பல் இல்லை மன்னி" என்றாள் காமு. "சந்தையும் இல்லை. தொப்பி பறக்கறது, ஓடறான், சேத்துல விழறான். முடிஞ்சு போயிடறது. வெத்தலை மடிக்கற நேரம்கூட இல்லை. எல்லாம் சின்னண்ணாவா சேத்தது."

 கூடாரம் வந்த புதுசில் சீதாராமன் ராஜலக்ஷ்மியை ஒரு தடவை அங்கே அழைத்துப் போயிருந்தான். ஈரத்துணி வாடையில் தலைவலி வந்து, இனிமேல் என்னைக் கூப்பிடாதேங்கோ என்று சொல்லிவிட்டாள். துரை சேற்றில் விழுவதோடு சரி என்பது அவளுக்கு அன்றிலிருந்தே தெரியும். நிலைப்படியில் நின்று ஒவ்வொரு வருஷமும் கப்பல் கதையைக் கேட்டவள், காமுவிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இது கூடாரத்துக்குள் போய் வந்தவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"ஏதாவது ஒண்ணு முடிவாச் சொல்லச் சொல்லு" என்றார் வெங்கடசுப்ரமணியன், ஜகதாம்பாளைப் பார்த்து. தம்பி மனைவியோடு அவர் நேராகப் பேசுவதில்லை. "இவதான்னா, தீட்டுக் கழிஞ்ச மறுநாளே காசியில கொண்டுபோய்த் தள்ளிட்டு வந்துடறேன். இந்த வீட்டு வாசல்படி அப்புறம் கிடையாது. வேற எவளோன்னா, அது அவனோட போச்சு. வெளியில போஸ் பாபு நிக்கறார். நான் என்ன சொல்லணும்?"

"நான்தான் சொல்லிட்டேனே" என்றாள் காமு.

"உன்னைக் கேக்கலை."

தாம்பாளத்தில் அரிசி இருந்தது. ராஜலக்ஷ்மி எழுந்தாள். எழுந்தபோது தடுமாறி, காமுவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தவள் விடவில்லை. பத்து வருஷத்தில் முதல் தடவையாக மைத்துனரைப் பார்த்து நேராகப் பேசினாள். வாசல் வரை கேட்கிற மாதிரி பேசினாள்.

"யாரோ ஒருத்தி. யாரா இருந்தா எனக்கென்ன? அவர் சகவாசம் எனக்குத் தெரியாதா? கதவைத் திறங்கோ, நாழியாறது."

காமு, "மன்னி" என்றாள். மணிக்கட்டில் நகம் அழுந்தியது. வலித்தது. ராஜலக்ஷ்மி மற்றொரு கையால் அரிசியை அள்ளிப் புருஷன் வாயில் போட்டாள்.

*

பவானிபூர் முழுக்கப் பரவியது. துக்கம் கேட்க வந்த பெண்கள் ராஜலக்ஷ்மியின் முகத்தில் எதையோ தேடினார்கள். ஒருத்தி, "ஒனக்கு ஒண்ணுமே தெரியாதா, பாவம்" என்றாள். இன்னொருத்தி அவள் சரீரத்தையும் நிறத்தையும் கண்ணாலேயே அளந்து, காரணம் புரிந்தவள்போலத் தலையாட்டிக்கொண்டு போனாள். ராஜலக்ஷ்மி எல்லோருக்கும் பதில் சொன்னாள். காமுவிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடித்தாள், அவ்வளவுதான். காமுவுக்கு அதைவிட அறைந்தாலும் தேவலை என்றிருந்தது.

பத்தாம் நாள் தாலியை வாங்கியாயிற்று. நாவிதன் வந்து போனான். மறுநாள் விடிகிறவரை புதிதாக அறுத்தவள் முகத்தில் சுமங்கலிகள் விழிக்கக்கூடாது. விளக்கு வைக்கிற நேரத்தில் அவளைப் பின்கட்டு அறையில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். தெரியாத்தனமாக யாராவது திறந்துவிடப் போகிறார்கள் என்று வெளியிலிருந்து பூட்டுவது வழக்கம்.

"ராத்திரி பூரா தனியா இருக்கப்படாது" என்றாள் ஜகதாம்பாள், கூடத்தில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு. "துணைக்கு இருக்கறதுன்னா..."

சொல்லி முடிக்கவில்லை. அந்த அறைக்குள் போகக்கூடியவள் வீட்டில் ஒருத்திதான்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "அவளையே வரச்சொல்லுங்கோ."

காமு ஒரு சொம்புத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனாள். அறையில் விளக்கு இல்லை. ராஜலக்ஷ்மி சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். வெள்ளைப் புடவை தலையில் நிற்காமல் வழுக்கி வழுக்கி விழுந்தது. திரும்பிப் பார்க்காமலே பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

காமு வாசற்படியைத் தாண்டினாள். ஜகதாம்பாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் நீட்டிக் கதவை இழுத்துச் சாத்தினாள். சங்கிலியை மாட்டினாள். பூட்டு ஒரு தடவையில் விழவில்லை. திரும்பவும் அழுத்திப் பூட்டிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போனாள்.