கஜுப்பால் பட்ட உதடு

மகளின் கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கையில் இன்னாசித்தம்பி பச்சைக் கஜுக்கொட்டையைப் பல்லால் கடித்தார். யாரும் கடிக்கச் சொல்லவில்லை, அதுதான் இதில் வயிற்றெரிச்சல்.

தலவிலை அன்னம்மா கோயிலுக்குத் தெற்கே கடலோரத்தில் அவர் வீடு. முற்றத்தில் பாய் விரித்து, கைக்குத் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு, பெண்கள் ஏழெட்டுப் பேர் கல்யாணக் கறிக்குக் கஜு என்கிற முந்திரிக்கொட்டை வெட்டிக்கொண்டிருந்தார்கள். கொட்டையின் தோலில் ஊறும் பால் பட்டால் உடம்பு வெந்துபோகும் என்பது அந்தக் கரையில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அவருக்கும் நன்றாகவே தெரியும். ஆனால் மாப்பிள்ளையின் தாய் பார்த்துக்கொண்டிருந்தாளே!

"கத்தி என்னத்துக்கு? நாங்க சின்னனில இப்பிடித்தான்" என்று ஒரு கொட்டையை முன்பல்லில் வைத்து நறுக்கென்று உடைத்தார். பெண்கள் கைதட்டினார்கள். மனுசன் அந்தக் கைதட்டலுக்கு இன்னும் இரண்டைக் கடித்தார்.

விடிந்தபோது மேலுதடும் கீழுதடும் வீங்கி, நடுவில் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கியிருந்தது.

"அன்னம்மாத் தாயே!" என்று மனைவி எமிலியா தலையில் கைவைத்தாள். "குரங்குகூட அதைக் கடிக்காது. வேற எந்த அப்பனாவது இருந்தா வாய்தானே, கல்யாணத்தில பேசாம இருக்கட்டுமெண்டு விடலாம். உங்கட வாயை வச்சுத்தானே பிள்ளை வாசலைவிட்டு இறங்கோணும்!"

அவள் சொன்னது பொய்யில்லை. கல்யாணப் பெண் வீட்டு வாசலைத் தாண்டும்போது சீனவெடி கொளுத்துவது அங்கே வழக்கம். சண்டைக் காலம் அது, தொண்ணூற்றேழாம் ஆண்டு. கரையோரக் கடற்படை முகாமில் வெடிச்சத்தமே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் ஊர்ப் பெண்களெல்லாம் நாலைந்து வருசமாக இன்னாசித்தம்பியின் ட்ரம்பெட் சத்தத்துக்குத்தான் வாசல் இறங்கினார்கள். கோயில் பேண்டில் ட்ரம்பெட் என்று இருந்தது அவர் ஒருவர் கையில்தான். அவர் ஒரு இழுப்பு இழுத்தால் பத்து வெடிக்குச் சமம். "எனக்கும் அப்பாதான் ஊதோணும்" என்று மகள் டொறத்தி கேட்டிருந்தாள், அவரும் வாக்குக் கொடுத்திருந்தார். அப்பனுக்கு இரண்டு கையும் ட்ரம்பெட்டில் மாட்டிக்கொள்ளும் என்பதால், மகளைக் கைபிடித்துக் கோயிலுக்குக் கூட்டிப் போவது தாய்மாமன் என்று முடிவாகியிருந்தது.

தேன் பூசிப் பார்த்தார். தேங்காய்ப்பால் பூசிப் பார்த்தார். பிறகு மனதைத் திடப்படுத்திக்கொண்டு ட்ரம்பெட்டை எடுத்து வாயில் வைத்தார். அந்தச் சின்ன மௌத்பீஸின் விளிம்பு, அளவெடுத்ததுபோல் நேரே கொப்புளத்தின் மேல் குந்தியது. உச்சந்தலைவரை எரிந்தது. சத்தம் வரவில்லை, கண்ணீர்தான் வந்தது.

"விடுங்கப்பா, கிளாரினெட் இருக்குத்தானே" என்று டொறத்தி சிரித்தாள். சிரித்துவிட்டு உள்ளே போய், அலுமாரிக் கதவுக்குப் பின்னால் நின்று முகத்தைத் துடைத்தாள். இன்னாசித்தம்பி அதைக் கண்டுவிட்டார். அதற்குமேல் அவரால் கதிரையில் இருக்க முடியவில்லை.

போக ஓரிடம்தான் இருந்தது, அங்கே போகத்தான் அவருக்கு வெட்கமாக இருந்தது. சந்தியாப்பிள்ளை அதே பேண்டில் பேஸ் ஊதுகிறவன். உடம்பைச் சுற்றி வளைந்து, தோளில் ஏறி உட்கார்ந்து, தலைக்குமேல் பெரிய வாயைத் திறந்துகொண்டிருக்கும் வாத்தியம் அது. பூம், பூம் என்பதைத் தவிர அதற்கு வேறு பேச்சில்லை. "இவனுக்குப் பதிலா ஒரு மாட்டைக் கட்டி இழுத்துப் போனாலும் காணும்" என்று இன்னாசித்தம்பி பதினைந்து வருசமாகச் சொல்லிச் சிரித்து வந்தார்.

சந்தியாப்பிள்ளை கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். வந்தவரின் வாயைப் பார்த்தான். ஊசியைக் கீழே போட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் உருண்டான்.

"சிரிச்சு முடி. பிறகு கதைப்பம்" என்றார் இவர். 'ப' சொல்லும்போது வலித்தது.

"முடிஞ்சுது, முடிஞ்சுது" என்று கண்ணைத் துடைத்தபடி எழுந்து உட்கார்ந்தான். விசயத்தைக் கேட்டதும் அவன் முகம் மாறியது. உள்ளே போய்த் தன் மௌத்பீஸைக் கழற்றிக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தான். "இஞ்ச பாருங்கண்ணன். உங்கடது சின்ன மூடி, நேரே புண்ணிலதான் குந்தும். என்ரது தேத்தண்ணிக் கோப்பை. புண் முழுக்க உள்ளுக்குப் போயிடும், விளிம்பு மீசையிலயும் நாடியிலயும்தான் படும். வச்சுப் பாருங்க."

வைத்துப் பார்த்தார். அட! விளிம்பு புண்ணைத் தொடவே இல்லை.

"வாயை இறுக்காதீங்க. தளர விட்டு ஊதுங்க" என்று பேஸை அவர் தோளில் மாட்டிவிட்டான் சந்தியாப்பிள்ளை. "மாடு கத்துமே, அப்பிடி."

ஊதினார். முதலில் காற்று வந்தது, பிறகு புர்ரென்று ஏதோ வந்தது, மூன்றாவது தடவை கொல்லைக் கோழிகளெல்லாம் வேலிக்கு மேலால் பறந்தன. எரிவு இருந்தது, தாங்கிக்கொள்ளக்கூடிய எரிவு.

"வந்திட்டுதுடா, சந்தியா!"

"இன்னும் ரெண்டு நாள் இருக்கு, பழகுங்க."

"அப்ப நீ?"

"நானா? ஒரு கல்யாணத்திலயாவது கையை வீசிக்கொண்டு நடந்துபோய், முதல் பந்தியில குந்தி இருந்து சாப்பிடோணுமெண்டு எவ்வளவு நாளா நேர்த்திக்கடன்!"

கல்யாணக் காலை வந்தது. முற்றத்தில் பேண்ட் வரிசை கட்டியது. முன்னுக்குக் கிளாரினெட், நடுவில் மேளங்கள், பெண்ணுக்குப் பக்கத்தில் கடைசியாகப் பேஸ். டொறத்தி வெள்ளைச் சேலையும் முக்காடுமாக வாசலில் வந்து நின்றாள். இன்னாசித்தம்பி நெஞ்சு முட்டக் காற்றை இழுத்து ஊதினார். கூரைத் தகரம் அதிர்ந்தது. ரோட்டுச் சென்றிக் காவலில் நின்ற கடற்படைப் பெடியன், கப்பல் வருகிறதோ என்று கடலைத் திரும்பிப் பார்த்தான். டொறத்தி விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு வாசல் இறங்கினாள்.

மாமன் கையை நீட்டினான். அவள் அதைப் பிடிக்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள். வாத்தியத்தின் பாரம் முழுக்கத் தோளில் இருந்தது. வலக்கை விரல்கள் கட்டைகளை அமுக்கிக்கொண்டிருந்தன. இடக்கை வேலையில்லாமல் தொங்கியது.

"மாமா, குறை நினைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, போய் அந்த இடக்கைக்குள் தன் கையைக் கோத்துக்கொண்டாள்.

எமிலியா ஓவென்று அழத் தொடங்கினாள். இன்னாசித்தம்பியின் வாய் வாத்தியத்துக்குள் இருந்தது. முழங்கையை மட்டும் இறுக்கினார். முப்பது கல்யாணத்தில் ஊர்வலத்துக்கு முன்னால் நடந்த மனுசன், முதல்தடவையாக ஒரு கல்யாணப் பெண்ணின் பக்கத்தில் நடந்தார். அதுவும் தன் பெண்ணின் பக்கத்தில்.

கோயிலுக்குக் கால் மைல்தான். பேஸ் போகிற வேகத்தில்தான் பேண்ட் போகவேண்டும், அதை அன்றைக்குத்தான் அவர் கண்டுபிடித்தார். பூம் என்றார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு பூம். மேளக்காரர்கள் தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

"அண்ணன், இப்பிடிப் போனா ஃபாதர் பூசையை முடிச்சிடுவார்!" என்று பின்னாலிருந்து சந்தியாப்பிள்ளை கத்தினான்.

உதடு தீயாக எரிந்தது. இன்னாசித்தம்பி மகளின் கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு, அடுத்த பூமை இன்னும் நீளமாக ஊதினார்.