தங்கமுத்துவுக்கு ஒரு படம்

"கொஞ்சம் சிரியுங்கோ அக்கா" என்றார் மானிப்பாய் ஸ்ரூடியோக்காரர்.

"சிரிச்சாச் சரிவராது. இது மாலை போடுற படம்" என்றாள் சுவர்ணா.

அவர் கமராவிலிருந்து முகத்தை எடுத்து அவளைப் பார்த்தார். ஐம்பத்தாறு வயதுப் பெண் ஒருத்தி பவுடர் பூசி, மாம்பழ நிறச் சேலை கட்டி, தன் மரணப் படத்துக்குத் தானே வந்து குந்தியிருந்தால் யாருக்கும் வாய் எழும்பாதுதான். மூன்று தரம் எடுத்தார். மூன்றிலும் அவள் கழுத்தை உயர்த்தி, புருவத்தை ஏற்றி, எதையோ எட்டிப் பார்க்கிறவள் போலவே இருந்தாள். கமராவைக் கண்டால் அவளுக்கு அப்படித்தான் வரும்.

அந்தப் பழக்கம் சமாதான காலத்தில் வந்தது. யுத்தம் ஓய்ந்து வெளியூர்ப் பாதை திறந்திருந்த அந்த இரண்டு மூன்று வருடத்தில், உள்ளூர்த் தொலைக்காட்சி ஒன்றுக்காக நடராசா மாஸ்டர் 'சின்னத்தம்பர் வளவு' என்றொரு நகைச்சுவைத் தொடர் எடுத்தார். இருபத்தாறு வாரம் ஓடியது. சின்னத்தம்பரும் மனைவியும் சண்டை தொடங்கியதும் கிடுகு வேலிக்கு மேலால் ஒரு தலை எழும்பி, "உங்கை என்ன சத்தம்?" என்று கேட்கும். ஒருவரும் பதில் சொல்ல மாட்டார்கள். தலை இறங்கிவிடும். தங்கமுத்து என்கிற பாத்திரம் அவ்வளவுதான். வேலிக்குப் பின்னால் சோடாப் பெட்டியில் ஏறி நின்றவள் சுவர்ணா. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. சீடீக்கள் கனடா, லண்டன் எல்லாம் போயின. அதற்குப் பிறகு சண்டிலிப்பாயில் அவளைச் சுவர்ணா என்று கூப்பிட ஆளில்லை. மீன்காரர் முதல் கிராம சேவகர் வரை எல்லாருக்கும் அவள் தங்கமுத்தக்காதான்.

வேலிக்குப் பின்னால் உண்மையில் இருந்தது வெறுங்காணி. எருக்கலையும், கட்டிவிட்ட ஓர் ஆடும். தன் முறைக்காகக் காத்து நின்ற நேரங்களில் சுவர்ணா அந்தக் காணியில் ஒரு வீட்டைக் கட்டத் தொடங்கினாள். கிணறு வைத்தாள். தங்கமுத்துவுக்குப் புருசன் வேண்டும் அல்லவா? காரைநகர் பஸ்ஸில் கொண்டக்டராக ஒரு மனிதரைப் பிடித்தாள். கறிக்கு உப்புக் கூடினால் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு, பிறகு தானே இழுத்து வைத்துச் சாப்பிடுகிற மனிதர். ஒரு மகள். உடுவிலில் படிக்கிறவள், காலையில் தலை வாரி இழுக்க விடமாட்டாள். தொடர் நின்று, தொலைக்காட்சி நின்று, பாதை பூட்டி, யுத்தம் திரும்ப வந்து முடிந்த பிறகும் அந்த வீட்டில் குடித்தனம் மட்டும் நிற்கவில்லை. கொப்பி கொப்பியாக எழுதினாள். மூவரும் அளவெட்டிக்குத் திருவிழாவுக்குப் போய், மணலில் இருந்து கச்சான் கடலை உடைத்தபடி நாதஸ்வரம் கேட்ட பாகம் மட்டும் பதினெட்டுப் பக்கம்.

அவளுடைய சொந்த வாழ்க்கையில் பாகம் பிரிக்க ஒன்றும் இருக்கவில்லை. தாயைப் பார்த்தாள், தகப்பனைப் பார்த்தாள், அவர்கள் போன பிறகு வீட்டைப் பார்த்தாள். அந்த வீடு அவளுக்குச் சீதனமாக வந்திருக்க வேண்டியது. கல்யாணம் சரிவராதபடியால் லண்டனில் இருக்கிற அண்ணை சண்முகநாதனின் பெயருக்கு எழுதினார்கள். அவர் பெருந்தன்மையான ஆள்; அவளை அங்கேயே இருக்கச் சொன்னார். மாதம் ஒரு தரம் போன் எடுத்து, கூரை ஒழுகுகிறதா, தென்னையில் தேங்காய் களவு போகிறதா என்று கேட்பார். அவளும் ஒழுங்காகப் பதில் சொல்லுவாள்.

இப்படி இருக்கத்தான் நடராசா மாஸ்டரின் மகன் பிரவீணன் ரொறொன்ரோவிலிருந்து வந்து இறங்கினான். தகப்பனின் தொடரில் வந்து போன சில்லறைப் பாத்திரங்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கிளைக்கதை எடுக்கப் போகிறானாம். செய்தி கேட்ட இரவு சுவர்ணாவுக்கு நித்திரை வரவில்லை. இருபது வருடமாக வைத்திருந்த வீட்டுக்கு ஒருவழியாக விருந்தாளி வருகிறார். அடுத்த நாள் மூன்று கொப்பிகளைச் சீலைப் பையில் வைத்துக்கொண்டு போனாள்.

பிரவீணன் நல்ல பிள்ளை. கதிரை போட்டுத் தந்தான், தேத்தண்ணி தந்தான். இரண்டு பக்கம் வாசித்தும் பார்த்தான்.

"தபால்காரர் இப்ப பிரான்சிலை கோப்பை கழுவுறார், அன்ரி. கள்ளுக்காரர் ஹொட்டல் முதலாளி. அப்பிடி ஒவ்வொருத்தருக்கும் ஒண்டு வைச்சிருக்கிறன்."

"தங்கமுத்து?"

அவன் கொப்பியை மெதுவாக மூடினான். "தங்கமுத்து செத்துப்போனா, அன்ரி. அதிலையிருந்துதான் எல்லாம் தொடங்குது. அந்தச் செத்தவீட்டுக்குத்தான் மற்ற எல்லாரும் வருகினம். நீங்கள் நடிக்கத் தேவையில்லை, படம் ஒண்டு தந்தாக் காணும். கதை பத்து நிமிசம், அந்தப் பத்து நிமிசமும் சுவரிலை நீங்கள்தான்."

இருபத்தாறு வாரத் தலைகளையும் ஒன்றாகச் சேர்த்தாலும் பத்து நிமிடம் வராது என்பது அவளுக்குத் தெரியும். "அவவின்ரை மனுசனும் பிள்ளையும்?" என்று கேட்டாள்.

"இல்லை அன்ரி, தனிக்கட்டை. அப்பதான் சோகம் நல்லா நிக்கும்."

வீட்டுக்கு வந்து அடுப்படியில் நின்று அழுதாள். இல்லாத மனிதருக்கும் இல்லாத பிள்ளைக்கும் எப்படி ஒப்பாரி சொல்லுவது? சும்மா அழுதாள். பிறகு முகம் கழுவி, படம் எடுக்க மானிப்பாய்க்கு பஸ் ஏறினாள். சுவரிலாவது இருக்கலாம் என்று நினைத்தாளே, அந்த நினைப்பை என்ன செய்வது!

சந்தி மதிலில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒன்றை ஒட்டிப் படமெடுத்தார்கள். அவளுடைய படம். கீழே பெரிய எழுத்தில் 'தங்கமுத்து, சண்டிலிப்பாய்'. படப்பிடிப்பு முடிந்ததும் கமராவைக் கட்டினார்கள், விளக்கைக் கட்டினார்கள். சுவரொட்டியைக் கிழிக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. யாரோ மோட்டார் சைக்கிளை நிறுத்திப் போனில் படம் எடுத்திருக்கிறார்கள். இந்த ஊரில் மரணச் செய்தி பக்கத்து ஒழுங்கைக்குப் போகமுன் லண்டனுக்குப் போய்விடும்.

மறுநாள் காலை பத்து மணி. சுவர்ணா வீட்டைப் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, முருங்கைக்காய் நாலைந்தைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டுப் பூரணத்திடம் கொடுத்துவிட்டு, விறாந்தையில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தாள். பூரணத்தின் போன் அடித்தது. காது கொஞ்சம் மந்தம் என்பதால் பூரணம் எப்போதும் ஸ்பீக்கரில்தான் கதைப்பாள்.

"பூரணமக்கா, சண்முகநாதன் கதைக்கிறன். இப்பதான் பாத்தன் அக்கா. எங்கடை சுவர்ணா போயிட்டாளாம்."

நடிப்பில்லை, மனிதர் அழுதுகொண்டுதான் இருந்தார். சுவர்ணாவுக்கோ தன் பெயரைக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. பூரணம் வாயைத் திறக்க, சுவர்ணா கையைக் காட்டித் தடுத்தாள். அண்ணை அடுத்ததாக என்ன கேட்கப்போகிறார் என்று அவளுக்கு அறிய வேண்டும்போல் இருந்தது. என்ன வருத்தம், வேதனைப்பட்டாளா, கடைசி நேரத்தில் பக்கத்தில் யார் இருந்தது? இவற்றில் ஒன்றாவது.

"வீட்டுத் திறப்பு இப்ப ஆரிட்டை அக்கா?"

பூரணம் சுவர்ணாவைப் பார்க்காமல் முருங்கைக்காயைப் பார்த்தாள்.

"செத்தவீட்டு வெள்ளைக்கொடி கட்ட சுன்னாகத்திலை ஆளுக்குச் சொல்லிப்போட்டன், இப்ப வந்திடும். நாங்கள் வருமட்டும் வீட்டுக்குள்ளை ஒருத்தரையும் விட்டிடாதேங்கோ. அலுமாரிக்குள்ளைதான் காணி உறுதிப் பத்திரம் கிடக்கு."

அதற்கு மேல் பூரணத்தால் பொறுக்க முடியவில்லை. "உதென்ன விசர்க்கதை தம்பி! ஆள் எனக்கு முன்னாலை இருக்கிறா."

அண்ணை சிரித்தார், பிறகு திரும்ப அழுதார், கடவுளே கடவுளே என்றார். போனை அவளிடம் கொடுக்கச் சொன்னார். சுவர்ணா தலையை ஆட்டினாள். கதைக்க வெட்கப்படுகிறா என்று பூரணம் சமாளித்தாள்.

"சரி அக்கா, பாவம், அவள் பயந்துபோயிருப்பாள். எதுக்கும் திறப்பிலை ஒண்டை உங்களிட்டைக் குடுத்து வைக்கச் சொல்லுங்கோ. ஒரு அவசரத்துக்கு."

போன் ஓய்ந்தது. "பதட்டத்திலை கதைச்சிட்டார். மனசிலை வைச்சிருக்காதை" என்றாள் பூரணம்.

"ஓம்" என்றாள் சுவர்ணா. இடுப்பில் செருகியிருந்த திறப்பை எடுத்து முருங்கைக்காய்க்குப் பக்கத்தில் வைத்தாள். "ஒண்டுதான் இருக்கு, அக்கா."

பூரணம் கூப்பிடக் கூப்பிட நிற்காமல் ஒழுங்கைக்கு இறங்கினாள். ஒழுங்கை முகப்பில் மின்கம்பத்தில் ஏணி சாத்தியிருந்தது. முன்பின் தெரியாத ஒரு மனிதர் தோளில் வெள்ளைக் கொடிக் கயிற்றைச் சுற்றிக்கொண்டு பாதி ஏணியில் நின்றார். கீழே கிரவல் கல் சறுக்கியது.

"தங்கச்சி, உந்த ஏணியை ஒருக்காப் பிடிக்கிறியளே?"

பிடித்தாள்.

"லண்டனிலையிருந்து காலமை ஓடர் வந்திட்டுது. ரெண்டு பக்கமும் சந்தி வரைக்கும் கட்டட்டாம்" என்றார் அவர், முடிச்சைப் பல்லால் இறுக்கிக்கொண்டு. "குடுத்துவைச்ச மனிசி."

"ஓம்" என்றாள்.

அவருடைய சட்டைப்பையில் போன் அடிக்கத் தொடங்கியது. இரண்டு கையிலும் கயிறு. அடித்து அடித்து நின்றது, மறுபடியும் அடித்தது. "உதைப் பிறகு எடுப்பம்" என்று சொல்லி இறங்கி, ஏணியின் மேல்முனையைத் தோளில் வைத்தார். சுவர்ணா கீழ்முனையைத் தூக்கிக்கொண்டு அவருக்குப் பின்னால் அடுத்த கம்பத்துக்கு நடந்தாள்.