இடது பின் காம்பு

மாட்டை விற்பதென்று முடிவு செய்தபோது என் புருஷன் தயாளன் என்னைக் கேட்கவில்லை. ஷேர் ஆட்டோ எடுக்கப் போகிறானாம். தாம்பரத்துக்கும் கூடுவாஞ்சேரிக்கும் நடுவே ஓட்டினால் ராஜாவாம். மாடு மகளிர் குழு மூலமாக என் பெயரில் வாங்கியது. மூன்று வருடமாக அதன் மடியில் கை வைத்தவள் நான் ஒருத்திதான்.

போன வாரம் இடது பின் காம்புக்கு நோய் வந்தது. மடியில் அந்தப் பக்கம் மட்டும் இறுகிச் சுட்டது. கறந்தால் பால் திரிதிரியாக வந்தது. டாக்டர் வந்து மருந்து ஏற்றினார்.

"பயப்படாதீங்க. வெளியே பார்க்கத்தான் மடி ஒண்ணு. உள்ளே நாலு ரூம், நடுவுல சுவர். ஒரு ரூம் பால் இன்னொரு ரூமுக்குப் போகாது" என்றார்.

இதைத் தயாளன் கேட்டான். உடனே செல்போன் அடித்தது, வாசலுக்குப் போய்விட்டான். கை கழுவியபடி டாக்டர் மீதியை என்னிடம் சொன்னார். பால் ஊறுவது நாலு இடத்தில் தனித்தனியாகத்தான். ஆனால் அதைக் கீழே இறக்கிவிடுவது மாட்டின் மூளை. ஒரு காம்பைப் பிடித்தாலும் மூளையிலிருந்து ஏதோ ஒன்று சுரந்து ரத்தத்தில் கலந்து நாலையும் சேர்த்துத் திறந்துவிடும். ஐந்தாறு நிமிஷம்தான். அதற்குள் கறக்காவிட்டால் அடங்கிவிடும். மாடு பயந்தாலும் அடங்கிவிடும்.

என் கைக்கு இது முன்பே தெரியும். காரணம் அன்றுதான் தெரிந்தது.

வண்டலூரில் டீக்கடை வைத்திருக்கும் காஜா பாய் இரண்டு நாள் கழித்துச் சாயங்காலம் மாடு பார்க்க வருவதாக இருந்தது. தானே உட்கார்ந்து கறந்து பார்க்காமல் அவர் மாடு வாங்கமாட்டார். அன்று மத்தியானம் மூன்று மணிக்கே தயாளன் என்னை எழுப்பினான்.

"பாய் வர்றதுக்குள்ள அந்தக் கெட்ட காம்பை மட்டும் கறந்து வுட்டுடு. மொதல்ல வர்ற திரி போயிட்டா அவருக்குத் தெரியாது."

"அதை மட்டுமா?"

"இன்னா, நக்கலா? நாலும் தனித்தனின்னு டாக்டரே சொன்னாருல்ல? மத்ததைத் தொடாதே. மடி கும்முனு நிக்கணும்."

சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். வெந்நீரும் துணியும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன்.

மெதுவாகத் துடைத்தேன். இடது பின் காம்பைக் கறக்கத் தொடங்கிய ஒரு நிமிஷத்தில் மற்ற மூன்றும் விம்மின. முன் காம்பு ஒன்றிலிருந்து பால் தானாகச் சொட்டியது.

"பாத்தியா, எப்டி ஊறுது!" என்றான் தயாளன். சந்தோஷமாக இருந்தான். நான் மாட்டின் விலாவில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். என் முகம் அவனுக்குத் தெரியவேண்டாம்.

காஜா பாய் அரைமணி கழித்து வந்தார். சட்டைக் கையை மடித்து, வாளியை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி உட்கார்ந்தார். முதலில் நன்றாகத்தான் வந்தது. முன்பே இறங்கிக் காம்புக்கு மேல் தேங்கியிருந்த பால் அது. வாளியில் நாலு விரல் உயர்ந்ததும் தாரை மெலிந்து நூலானது.

"இன்னா தயாளா, வேளைக்கு ஏழு லிட்டர்னே. என் கடைக்கு வர்ற பூனைக்கே பத்தாது போலக்கீதே."

"புது ஆளுல்ல பாய், வெக்கப்படுது."

"வெக்கமா? நான் இன்னா பொண்ணு பாக்கவா வந்துகீறேன்?"

தயாளன் மாட்டின் தொடையில் ஓங்கி அறைந்தான். "ஏய், வுடுறீ!" மாடு துள்ளியது. அந்த நூலும் நின்றது.

"நீ அடிக்கிற அடிக்கு ரத்தம்தான் வரும்." காஜா பாய் மடியை உள்ளங்கையில் தாங்கிப் பார்த்தார். கறந்த மடி துவண்டு தொங்கவேண்டும். இது கனத்துக் கிடந்தது. "பால் உள்ளே கீது, அடக்கிகினு கீது. எனக்கு முன்னாடி யாரோ கை வெச்சிட்டீங்க."

"சத்தியமா இல்ல பாய்."

அவர் அவனைப் பார்க்கவில்லை. "நீ சொல்லும்மா" என்றார்.

தயாளனின் கண் என் மேலேயே இருந்தது. ஒரு மின்சார ரயில் ஊரப்பாக்கம் பக்கம் போய்ச் சத்தம் ஓய்ந்தது.

"இடது பின் காம்பைக் கறந்தேன். அதுல நோவு. அதை மறைக்கத்தான் கறக்கச் சொன்னாரு."

காஜா பாய் எழுந்து கையைத் துடைத்தார். "பொம்பளை வாயில வர்றது உன் வாயில வர்ல பாரு" என்று அவனிடம் சொல்லிவிட்டு வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்.

தயாளன் வாளியை எட்டி உதைத்தான். பால் சாணத்தில் ஓடியது.

"இப்டி ஆவும்னு தெரிஞ்சேதானே கறந்தே?"

"தெரிஞ்சேதான்."

"எத்தினி நாளா உள்ள வெச்சிகினு இருந்தே இதை?"

நான் கவிழ்ந்த வாளியை நிமிர்த்தினேன். அவன் உள்ளே போனான்.

நான் மாட்டைத் தொடாமல் பக்கத்தில் குந்தியிருந்தேன். அதன் தோல் நடுங்குவது நிற்க ரொம்ப நேரமானது. பிறகு வாளியைக் கழுவி, மறுபடி வெந்நீரில் மடியைத் துடைத்துக் காத்திருந்தேன். காம்புகள் ஒவ்வொன்றாகத் தடித்தன. முதல் தாரை வாளியின் அடியில் அடித்த சத்தம் வீட்டுக்குள் கேட்டிருக்கவேண்டும். அவன் வாசற்படிக்கு வந்தான்.

"நாளைக்கு வேற பார்ட்டியை இட்டாறேன்."

"இட்டா. அவனும் கேப்பான், நானும் சொல்லுவேன்."

"அப்ப நீ இந்த மாட்டோடவே இரு."

கதவை அறைந்து சாத்தி உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டான். மாடு காதைத் திருப்பி என்னைப் பார்த்தது. பால் நிற்கவில்லை.